ஏற்கப்படாத முகவரி

“நான் என்ன பொய் சொன்னேன், மிஸ்?”

டிலுக்ஷினி என்ற பதினொரு வயதுப் பிள்ளை இப்படித்தான் கேட்டாள். லுணுகலை டவுனில், தொலைபேசிக்கும் இணையத்துக்கும் ஆட்கள் வந்துபோகும் ஒரு கொமினிகேஷன் கடையில் நின்றபடி, கடைக்காரியின் தொலைபேசியை வாங்கிக் கேட்டாள். பதுளையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனத்தில், அஞ்சலின் என்ற பெண்ணின் காதில் அந்தக் கேள்வி விழுந்தது. நான்கு வருடமாக அங்கே இணையப் பக்கங்கள் எழுதுகிறவள் அவள். பக்கத்தின் கீழே உள்ள உதவி இலக்கத்தில் அவளை அழைப்பவர்கள் பக்கம் திறக்கவில்லை என்பார்கள், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

“யாரும்மா உன்னப் பொய் சொன்னேன்னு சொன்னது?”

“கம்பியூட்டர்தான். செவப்புல எழுதியிருக்கு.”

என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைப்போல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்: நீங்கள் தந்த தகவல் தவறானது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

அந்த வரியை அஞ்சலினுக்கு நன்றாகத் தெரியும். அவளே எழுதியது.

டிலுக்ஷினி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தவள். மடுல்சீமைக்கு மேலே அருவிமலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் இருப்பவள். அங்கிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய்வர வழியில்லை. மழைக்காலத்தில் பாதி நாள் பஸ் ஏறாது. சித்தியடைந்த பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் படிப்பிக்க ஊவா மாகாணத்தில் ஒரு நிதியம் இருந்தது. அதற்கான விண்ணப்பத்தை இணையத்தில் மட்டுமே போடலாம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு அது மூடப்படும். அன்று புதன்கிழமை.

தொலைபேசி கடைக்காரி ஸவாஹிராவின் கைக்குத் திரும்பியது. “மகள், நான் பதினொரு தரம் அடிச்சிட்டேன். ஒவ்வொரு தரமும் எல்லாப் பெட்டியும் வெறுமையாப் போகுது. இந்தப் பிள்ளைட பேர இப்ப தூக்கத்திலயும் டைப் பண்ணுவேன். எது பிழைன்னு சொன்னா திருத்தலாம்தானே? இது சும்மா ஏசுது.”

மேற்பிரிவிலிருந்து ஆறு பிள்ளைகள் சித்தியடைந்திருந்தார்கள் என்றும், முதலில் வந்த நிஷாந்த் என்ற பையனின் விண்ணப்பம் ஒரே தடவையில் போய்விட்டது என்றும், மற்ற ஐந்தும் போகவில்லை என்றும் ஸவாஹிரா விளக்கினாள். டிலுக்ஷினியின் தாய் விஜயலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிப்பவள். முந்தின நாளும் இதே கடைக்கு வந்து திரும்பிப் போயிருந்தாள். புதன் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற இடத்தில், அவளைப் பார்த்து ஒருத்தி சிரித்திருக்கிறாள். புருசன் கொழும்பில் ஹோட்டலில் சம்பாதிப்பதை மறைத்து எழுதியிருப்பாள், கம்பியூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்று. ஆறு வீட்டுக்குள் ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் நல்ல பிள்ளை, மற்ற ஐந்தும் பொய்யர்கள் என்று லயத்து வரிசை வீடுகள் முழுவதும் பேச்சு.

பத்து நிமிடத்தில் திரும்ப அழைப்பதாகச் சொல்லி அஞ்சலின் தொலைபேசியை வைத்தாள்.

அந்தப் படிவத்தை அவள் முதலில் எழுதியது இப்படி அல்ல. பிழை எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அந்தப் பெட்டியின் கீழேயே, என்ன குறை என்று ஒரு சின்ன வரி தோன்றும்படி எழுதியிருந்தாள். பரீட்சித்துப் பார்த்த நாளில் நிதியத்தின் செயலாளர் தலையாட்டி மறுத்தார். அவர் கெட்டவர் அல்லர். வங்கியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்று, சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறவர். முந்தின வருடம் வசதியுள்ள ஒரு குடும்பம் ஒரே வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகளுக்கு உதவி பெற்றுவிட்டது அவருக்கு மாறாத காயம். ஒரு முகவரிக்கு ஒரு விண்ணப்பம் என்று விதி போட்டார். எது பிழை என்று காட்டினால் ஏமாற்றுகிறவன் அதை மட்டும் மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான், ஆகவே காரணம் சொல்லவேண்டாம், எழுதியதையும் அழித்துவிடுங்கள் என்றார். அஞ்சலின் தன் சின்ன வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு, மேலே சிவப்பில் அந்த ஒற்றை வரியை மூன்று மொழியிலும் போட்டாள்.

இப்போது மறுக்கப்பட்ட விண்ணப்பங்களின் பதிவைத் திறந்து பார்த்தாள். காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. டிலுக்ஷினியின் முகவரி: மேற்பிரிவு, அருவிமலைத் தோட்டம், மடுல்சீமை. நிஷாந்தின் முகவரியும் அதுவே. மற்ற நான்கு பிள்ளைகளின் முகவரியும் அதுவே.

வேறு எப்படி இருக்கும்? தோட்டத்தில் தபால்காரன் லயத்துக்கு வருவதில்லை. எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஒப்பீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. லயத்தின் ஒற்றை அறை வீடுகளான காம்பராக்களின் கதவுகளில் எப்போதோ போட்ட இலக்கம் வெயிலிலும் மழையிலும் அழிந்து போயிற்று. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய வதிவிடக் கடிதத்தை ஒப்பீஸ் கிளாக்கர் எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்துக் கொடுப்பார், பெயரும் தாயின் அடையாள அட்டை இலக்கமும் மட்டும் மாறும். கடிதத்தில் உள்ளபடியே முகவரியை எழுத வேண்டும் என்பது படிவத்தின் இன்னொரு விதி. ஆகவே ஒரு பிரிவிலிருந்து முதலில் வருகிற பிள்ளைக்கு வாசல் திறக்கும். பின்னால் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் உண்மையை எழுதியதாலேயே பொய்யராகும்.

இது தெரியாத இடத்தில் பிறந்தவளும் அல்ல அஞ்சலின். ஹல்துமுல்லைப் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்து, பன்னிரண்டு குடும்பத்தோடு ஒரே முகவரியைப் பகிர்ந்து வளர்ந்தவள். ஆனால் படிவத்தைச் சோதித்துப் பார்த்த வாரத்தில் பதுளை டவுன் வீதிகளின் பெயர்களையே போட்டுப் பார்த்தாள். இலக்கம் இருபத்திரண்டு, இலக்கம் நாற்பத்தேழு. எல்லாம் அழகாக வேலை செய்தது. தன்னுடைய ஊர் முகவரியை ஒரு தடவை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். திரையை மற்றவர்கள் பார்ப்பார்களே என்று கூசிப் போடவில்லை. அந்தக் கூச்சம் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பாவம் செய்தவனைத் தேடிப் போன கடவுள்கூட, நீ எங்கே இருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்டாராம் என்று பங்குத் தந்தை ஒரு ஞாயிறு சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுடைய படிவமும் அதையே கேட்டது. பதில் சொன்ன பிள்ளையை அது நம்பவில்லை.

அவள் திரும்ப அழைத்து, பிழை பிள்ளையிடம் இல்லை, படிவத்தில் இருக்கிறது என்று முதலில் டிலுக்ஷினியிடமே சொன்னாள். பிறகு காரணத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கடையில் ஐந்து தாய்மாரும் நின்றார்கள். ஸவாஹிராவுக்கு உடனே ஒரு வழி தோன்றியது. அவளுக்கு எதற்கும் வழி தோன்றும். அந்தக் கடையில் யாரும் வேலை முடியாமல் திரும்பிப் போனதாகப் பேச்சில்லை.

“அப்ப லேசு. என்ட தம்பிட வீட்டு அட்ரஸ இவக்குப் போடுவோம். மத்தவங்களுக்கும் டவுன்ல ஆள் பார்ப்போம். கடிதமும் எப்படியாச்சும் எடுத்துத் தாறேன். படிப்புக்குத்தானே, அல்லாஹ் மன்னிப்பான்.”

விஜயலெட்சுமியின் குரலை அஞ்சலின் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டாள். சத்தமில்லாத குரல்.

“ஒங்க மனசு எனக்குத் தெரியும்கா. ஆனா வேணாம். இருக்கிற எடத்த உள்ளபடி எழுதினதுக்கு எம்புள்ளயப் பொய்க்காரின்னுச்சு. இப்ப பொய்ய எழுதினா நல்ல புள்ளன்னு சொல்லப் போகுதா? அந்தப் பேரு எங்களுக்கு வேணாம்.”

“வெள்ளிக்கிழம முடியுதே, விஜயா.”

“முடியட்டும். எங்க பாட்டன் காலத்துல இருந்து அந்த எடத்துலதான் இருக்கோம். ஏத்துக்காட்டி அது அவங்க குத்தம். நாங்க அட்ரஸ மாத்த மாட்டோம்.”

மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஸவாஹிரா பார்த்தாள். ஒருத்தி, விஜயா சொன்னால் சரி என்றாள். இன்னொருத்திக்குப் பயம், தன் பிள்ளைக்கு மட்டுமாவது டவுன் முகவரியைப் போடலாமா என்று மெல்லக் கேட்டாள். விஜயலெட்சுமி அவளைத் திட்டவில்லை. விரும்பினால் போடு, நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்றாள். அந்தப் பெண் தானும் போடவில்லை என்றாள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலின், வெள்ளி நான்கு மணிக்குள் அந்த முகவரியையே படிவம் ஏற்கும்படி செய்வேன் என்று சொன்னாள். எப்படிச் செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

நிறுவனத்தின் முதலாளி தேவதாசன் பயந்த சுபாவம் உள்ளவர். ஏழு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர், பயப்படுவதில் நியாயமும் உண்டு. நிதியத்தின் வேலை அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். அவர்களுடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார்.

“நம்ம வேல அவங்க சொல்றதச் செய்றது, அஞ்சலின். நியாயம் பிளக்கிறது இல்ல.”

“பொய்க்காரின்னு எழுதினது என் கை சேர்.”

“அவங்க சொல்லித்தானே எழுதின?”

“எழுதினது நான்தானே சேர்.”

ஜன்னலுக்கு வெளியே நமுனுகலை மலையை மேகம் மூடியிருந்தது. வியாழன் காலை அரை நாள் லீவு வேண்டும் என்று அஞ்சலின் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் உன்னை அனுப்பவில்லை, நீயாகப் போனாய், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள் என்றார். அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது, ஸவாஹிரா நிறுவனத்துக்கு அனுப்பியிருந்த ஆறு வதிவிடக் கடிதங்களின் படங்களும் நல்ல தாளில் தெளிவாக அச்சாகி, ஓர் உறையில் அவள் மேசைமேல் இருந்தன. அச்சு இயந்திரத்தின் அருகே தேவதாசனைத் தவிர அன்று யாரும் போகவில்லை.

நிதியத்தின் அலுவலகம் பதுளையிலேயே, ஒரு பழைய வீட்டின் முன்னறையில் இருந்தது. செயலாளர் அவளை அன்பாகவே வரவேற்றார், தேநீர் வரவழைத்தார். அஞ்சலின் தன் மடிக்கணினியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் சிரமப்படுவதாகச் செய்தி வந்திருக்கிறது என்றாள். டிலுக்ஷினியின் கடிதத்தையும் மற்ற விவரங்களையும் எடுத்துக் கொடுத்தாள்.

செயலாளர் இரண்டு விரலால் அடிக்கிறவர். பெயர், பிறந்த தேதி, பரீட்சை இலக்கம், தாயின் அடையாள அட்டை இலக்கம், முகவரி என்று ஒவ்வொன்றாக நிரப்பக் கால் மணி நேரம் ஆயிற்று. அனுப்பினார். சிவப்பு வரி வந்தது. பெட்டிகள் எல்லாம் வெறுமையாகின.

எங்கோ எழுத்து விட்டுப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் தொடங்கினார். இந்தத் தடவை கடிதத்தில் விரலை வைத்து வைத்துப் பார்த்து அடித்தார். சிவப்பு வரி வந்தது. மூன்றாம் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறந்த தேதியில் சந்தேகப்பட்டார், அடையாள அட்டை இலக்கத்தில் சந்தேகப்பட்டார். தேநீர் ஆறிப்போயிற்று. நான்காம் தடவையும் அதே வரி வந்தபோது அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

“இதில என்ன பிழை இருக்கு?” என்றார்.

“அதச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க, சேர்.”

அவர் முகம் சிவந்தது. என்னைச் சோதிக்கவா வந்தாய் என்று கேட்டார். இல்லை என்றாள் அஞ்சலின். பதினொரு வயதுப் பிள்ளை இதைப் பதினொரு தடவை பார்த்துவிட்டுத் தான் பொய் சொன்னதாக நம்பிக்கொண்டிருந்தது, அதை நீங்களும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன் என்றாள். பிறகு ஆறு கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள். ஆறிலும் ஒரே முகவரி. செயலாளர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வங்கியில் முப்பது வருடம் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்த கண்கள் அவை. கடைசிக் கடிதத்தை வைத்துவிட்டு, தோட்டத்து நிலவரமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“நான் பிறந்ததே லயத்துலதான் சேர். ஹல்துமுல்லைப் பக்கம்.”

“அப்ப இத எழுதுறப்ப யோசிக்கலியா?”

“வெட்கப்பட்டு டவுன் அட்ரஸப் போட்டுப் பார்த்தேன். அது என் பிழை. காரணத்தைச் சொல்லாம மறைச்சது உங்க பிழை. அந்தப் பிள்ளைகள்ட ஒரு பிழையும் இல்ல.”

அவர் கோபப்படவில்லை. ஆனால் இலேசில் இறங்கவும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்பதைப் பிறகு எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாயின் அடையாள அட்டை இலக்கத்தால் பார்க்கலாம் என்றாள் அஞ்சலின். படிவம் அதை ஏற்கனவே கேட்கிறது, அதைப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அவர் தாடையைத் தடவினார். நல்ல யோசனைதான், ஆனால் நிர்வாகக் குழு கூட வேண்டும், குழு அடுத்த மாதம் கூடும், அடுத்த வருடத்துக்கு இதைச் செய்யலாம் என்றார்.

“சரி சேர். அப்ப இந்த வருசத்துக்கு அந்தச் செவப்பு வரிய மாத்தி எழுதுறேன். ‘தோட்டத்து முகவரி உள்ள பிள்ளைகளை, முதலில் வரும் ஒருவரைத் தவிர, இந்த நிதியம் ஏற்காது’ன்னு. மூணு மொழியிலயும் போடுறேன். உங்க கையெழுத்து மட்டும் வேணும். அது உண்மையாவது இருக்கும்.”

அவள் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

செயலாளர் பேனாவைத் தொடவில்லை. கையெழுத்திட முடியாத ஒரு வாக்கியத்தைத்தான் இவ்வளவு நாளும் தன் பெயரில் நிதியம் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அப்போது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்துத் தேவதாசனை அழைத்தார். உங்கள் ஒப்பீஸ் பிள்ளை இங்கே வந்து என்னோடு சண்டை பிடிக்கிறாள் என்று தொடங்கினார். பிறகு மறுமுனை பேசியது. அவர் “ம்” என்றார், இன்னொரு “ம்” என்றார், வைத்துவிட்டார்.

“உங்க முதலாளி உங்களை ஏசுவார்னு நினைச்சேன். இதைத் திருத்தலன்னா அடுத்த வருச வேலையே தனக்கு வேணாமாம்.”

தேவதாசனின் முகம் அதைச் சொன்னபோது எப்படி இருந்திருக்கும் என்று அஞ்சலின் யோசித்துப் பார்த்தாள். அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

செயலாளர் அனுமதியை எழுதிக் கையெழுத்திட்டார். முடிவு நாளைத் திங்கள் மாலைக்குத் தள்ளிவைத்தார். திங்களுக்குள் யார் அனுப்பினாலும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வராதவர்களைத் தேடிப் போக நமக்கு ஆளில்லை என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் அஞ்சலின் எழுதினாள். முகவரிச் சோதனையை நீக்கினாள், தாயின் அடையாள அட்டையைப் பார்க்கும் சோதனையைப் போட்டாள். பிறகு தான் முன்பு அழித்த சின்ன வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினாள். ஒவ்வொரு வரியையும் எழுதும்போது அதை வாசிக்கப்போகும் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் கீழே, நிறத்தைப் பார்த்து மட்டும் புரிந்துகொள்ள வேண்டியதில்லாமல், சொல்லாலேயே சொல்லும் வரி: “தொலைபேசி இலக்கத்தில் பத்து எண் வேண்டும். இப்போது ஒன்பது இருக்கிறது.” “பிறந்த தேதியில் மாதம் விடுபட்டிருக்கிறது.” எழுதியது எதுவும் அழியக் கூடாது, பிழையான ஒன்றைத் திருத்தினால் போதும். நிறுவனத்தின் பக்கம் ஏதாவது கோளாறானால் தோன்ற வேண்டிய வரியை எழுதத்தான் அதிக நேரம் எடுத்தது. கடைசியில் இப்படி வைத்தாள்: “பிழை எங்களுடையது. நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது.” தேவதாசன் பின்னால் வந்து நின்று வாசித்தார். வாடிக்கையாளரிடம் பிழை எங்களுடையது என்று எந்தக் கம்பனியும் எழுதுவதில்லையே என்றார். பிறகு, இருக்கட்டும், சிங்களத்திலும் அதே மாதிரி மரியாதையாக இருக்கிறதா பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை லுணுகலையிலிருந்து அழைப்பு வந்தது. ஸவாஹிரா அந்த ஐந்து விண்ணப்பங்களையும் அனுப்பிவிட்டாள். நான்கு ஒரே தடவையில் போயின. டிலுக்ஷினியுடையது மட்டும் நின்றது. விஜயலெட்சுமியின் தொலைபேசி இலக்கத்தில் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டார்கள். பிள்ளை தானே வரியை வாசித்து, தானே பூச்சியத்தைப் போட்டு, தானே பொத்தானை அழுத்தினாளாம்.

“இப்பதான் ஒழுங்காப் பேசுது மிஸ்,” என்றாள் டிலுக்ஷினி. “முந்தி அதுக்குப் பழக்கவழக்கம் தெரியாது.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நிஷாந்தின் தாயும் வந்திருக்கிறாள் என்று ஸவாஹிரா சொன்னாள். புதன்கிழமை பெரட்டில் நடந்த பேச்சுக்கு வெட்கப்பட்டு, எல்லாருக்கும் ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தாள்.

பிறகு விஜயலெட்சுமி பேசினாள். நன்றி என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உரியதைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

“மிஸ், நாங்க அஞ்சு பேரு வேலய விட்டுட்டு வந்து சத்தம் போட்டோம். எங்களுக்கு இந்த அக்கா இருந்தாங்க. மத்தத் தோட்டத்துல இந்தச் செவப்பப் பார்த்துட்டு, சரி நம்ம தலையெழுத்துன்னு சும்மா திரும்பிப் போனவங்க இருப்பாங்கதானே? அவங்களுக்கு யார் சொல்றது?”

அஞ்சலின் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து, மற்றவர்கள் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கையில் அவள் நேரே அலுவலகத்துக்குப் போனாள். மாடியில் ஒருவரும் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, செபமாலையை மேசையில் வைத்துவிட்டு, முகவரியால் மறுக்கப்பட்டவர்களின் பதிவை எடுத்தாள். ஒரே பிள்ளை பல தடவை முயன்றவற்றை எல்லாம் ஒன்றாக்கி, ஏற்கனவே உள்ளே போய்விட்டவர்களை நீக்கி, திரும்ப வராதவர்களை மட்டும் எண்ணினாள். இருபத்தேழு. அவர்கள் எழுதியவையும், அனுப்பிய கடிதங்களின் படங்களும் ஒரு தற்காலிக இடத்தில் இருந்தன. வாரத்துக்கு ஒரு தடவை, திங்கள் காலையில், அவை தாமாகவே அழிந்துவிடும்.

சிலர் ஒரு தடவை முயன்றிருந்தார்கள், சிலர் நான்கு. லுணுகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஒன்பது பேர். ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஆறு பேர். ஒரு பிள்ளை கடைசித் தடவையில் முகவரிப் பெட்டிக்குள்ளேயே, “இதுதான் எங்கள் வீடு, தயவு செய்து” என்று எழுதியிருந்தது. அதற்கும் படிவம் அதே வரியைத்தான் சொல்லியிருந்தது.

இருபத்தேழையும் ஒரு நிமிடத்தில் உள்ளே நகர்த்தும்படி ஒரு சிறிய நிரல் எழுத அவளுக்குத் தெரியும். அதற்காக விரல்களை விசைகளின்மேல் வைத்தும்விட்டாள். பிறகு எடுத்துவிட்டாள். இவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுதி, ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். படிவத்தின் முதற் பக்கத்தைத் திறந்தாள், எல்லாரும் திறப்பதைப்போல. முதல் பிள்ளையின் பெயரை வாசித்தாள். எழுதினாள். பிறந்த தேதியை எழுதினாள். தாயின் அடையாள அட்டை இலக்கத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்து எழுதினாள். முகவரியை, தோட்டம் பிரிவு தபால் நகரம் என்று, அவர்கள் எழுதியபடியே ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். அனுப்பினாள். அந்தத் தாயின் தொலைபேசிக்கு விண்ணப்பம் கிடைத்தது என்ற செய்தி போய்விட்டதாகத் திரை காட்டியது.

இரண்டாம் பிள்ளை. மூன்றாம் பிள்ளை. ஏழாவதில் ஒரு பெயரின் நடுவே தவறி ஓர் எண்ணை அடித்தாள். பெட்டியின் கீழே அவளே எழுதிய வரி தோன்றி, கடிதத்தில் உள்ள பெயரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. பார்த்தாள், திருத்தினாள். பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்த பாணைச் சம்பலோடு தின்றாள். இரண்டு மணிக்கு மழை வந்து ஜன்னலைச் சாத்தினாள். பத்தொன்பதாவது பிள்ளையின் கடிதப் படம் மங்கலாக இருந்தது. வாசிக்க முடிகிறதா என்று வெகுநேரம் பார்த்து, கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியாமல், அந்தப் பிள்ளை முதல் தடவை எழுதியதைத் தேடி எடுத்து உறுதிப்படுத்திக்கொண்டாள். அந்த வீடுகளில், முதலில் அனுப்பியது தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

இருபத்தேழாவது போனபோது மாலை நான்கு மணியாக இன்னும் சில நிமிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தவர்கள் எழுத வேண்டிய வரவுப் புத்தகம் கதவருகே இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, மழை விட்டிருந்த படிகளில் மெதுவாக இறங்கினாள்.